கண்மாய்க் கரைக்கு ஏற்ற மிதிவண்டி



வீட்டிற்கு ஒரு பொருள் வாங்கும்போது அதன் விலையைப் பற்றி நெடுநேரம் பேசுகிறோம். அது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியோ சிறிது நேரமே எண்ணுகிறோம். மிதிவண்டி வாங்குவதில் இக்குறை மிகுதி. மகன் ஒரு படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறான்; தந்தை விலையைக் கேட்டு மறுக்கிறார்; இறுதியில் கடைக்காரர் முன்னே நிறுத்தியதே வீட்டிற்கு வருகிறது. இத்திங்கள் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச எண்ணுகிறோம். ஏனெனில், அண்மையில் நம்மிடம் வந்த ஒரு கேள்வி நம்முள் பலருக்கும் உரியது.

கரிசல் காட்டுச் சிற்றூரில் வாழும் குடும்பம் அது. மகனுக்கு வயது இருபத்திரண்டு. பதினொரு கிலோமீட்டருக்கு அப்பால், நகரத்தின் எல்லையிலுள்ள நூற்பாலையில் வேலை. காலை முறை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. முதல் பேருந்தோ ஆறரை மணிக்குத்தான் ஆலை வாயிலைக் கடக்கிறது. பிந்திச் சென்றால் அரைநாள் கூலி போகும். அடிக்கடி பிந்தினால் வேலையே போகும். இதுநாள்வரை பக்கத்து வீட்டாரின் மோட்டார் சைக்கிளில் பின்னமர்ந்து சென்று வந்தார். அவ்வீட்டார் திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியைத் தங்கை தன் பள்ளிக்கு எடுத்துச் செல்கிறாள்.

கையில் வரவிருப்பது சீட்டுப் பணம் 20,000 ரூபாய். அதை முன்பணமாகக் கட்டி, கடனில் மோட்டார் சைக்கிள் எடுக்கலாம் என்கிறார் தந்தை. மகனோ 'சைக்ளோகிராஸ்' என்னும் மேனாட்டு மிதிவண்டியைக் கைப்பேசியில் கண்டு, அதுதான் வேண்டும் என்கிறார். தாய் நம்மிடம் சொன்னது இது: "சாமி, ஒருத்தர் கடன் என்கிறார், ஒருத்தன் பந்தய வண்டி என்கிறான். அவன் ஆறு மணிக்கு ஆலைக்குள்ளே நுழைஞ்சா எனக்குப் போதும்."

இக்கேள்விக்குரிய அளவுகோல் அத்தாயின் சொல்லிலேயே இருக்கிறது. எனினும் மகனின் ஆசையையும் நாம் எள்ளி ஒதுக்கலாகாது. அவர் எதைக் கண்டு ஆசைப்பட்டார் என்பதை முதலில் அறிவோம்.

சைக்ளோகிராஸ் என்பது மேனாட்டில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நடைபெறும் மிதிவண்டிப் பந்தயம். பிரான்சு நாட்டில் தோன்றியது. தானியேல் கூசோ என்னும் படைவீரரின் முயற்சியால் 1902-ஆம் ஆண்டு அந்நாட்டில் முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. 1910-இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லாபீஸ் இப்பயிற்சியை மேற்கொண்டவராதலால், அதன் புகழ் பிற நாடுகளுக்கும் பரவிற்று. 1950-இல் பாரிசில் முதல் உலகப் போட்டி நடந்தது. இன்று பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி மக்களுக்கு இது திருவிழாப் போன்றது. சேறு, மணல், புல்தரை, சிறிது தார்ச்சாலை ஆகியவை கலந்த பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்டுகின்றனர். ஓட்ட இயலாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகின்றனர்.

இதைக் கண்ட நம் தம்பி, ஐப்பசி மழையில் தம் ஊர்க் கண்மாய்க் கரையில் வண்டியைத் தோளில் தூக்கிச் செல்லும் உழவரை நினைத்திருப்பார் அன்றோ? தம் ஊர்ப் பாதை போன்ற பாதைக்கென்றே ஒரு வண்டி செய்கிறார்கள் என்று கண்டபோது அவருக்கு ஆவல் பிறந்தது. அது வீண் பகட்டு அன்று. தம் பாதையை அறிந்தவரின் ஆவல்.

ஆயினும் ஒன்றை அவர் படத்தில் கவனித்திருக்கமாட்டார். அப்பந்தய வீரருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் உண்டு. சேறு அப்பிய வண்டியை இடைநிறுத்தத்தில் கொடுத்துவிட்டு, கழுவித் துடைத்த மற்றொன்றை ஏறிக்கொண்டு போவார். முதல் வண்டியைக் கழுவுவதற்கு ஆட்கள் காத்திருப்பர். அவர் சோற்றுப் பாத்திரம் சுமப்பதில்லை. விளக்கின்றி ஐந்து மணி இருட்டில் போவதில்லை. சேறு தெறித்த உடையோடு வேலைக்கு நிற்பதில்லை. அவருடைய ஓட்டம் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. நம் தம்பியின் ஓட்டம் ஆண்டுக்கு முந்நூறு நாள், ஒரே வண்டியில்.

ஆதலால் பந்தய வண்டியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. விட்டுவிட வேண்டியவை சில. டயருக்கும் சட்டகத்திற்கும் இடையே சேறு அடையாதபடி விடப்பட்ட இடைவெளி, உறுதியான சக்கரம், ஏற்றத்திற்கும் சேற்றுக்கும் உதவும் தாழ்ந்த கியர், அதிர்வுக்குத் தளராத விறைப்பான முன்கவை ஆகிய இவற்றைக் கொள்வோம். வளைந்த கைப்பிடி, மட்கார்டு பூட்ட வழியில்லாத சட்டகம், எடை குறைப்பதற்கெனக் கொடுக்கும் கூடுதல் விலை ஆகியவற்றை விடுவோம். கொள்ளத் தக்கவை யாவும் வேறு பெயரில், குறைந்த விலையில் கிடைக்கின்றன. 'ஹைபிரிட்' என்று கடைகளில் சொல்லப்படும் நேர்க் கைப்பிடி வண்டிகளுள் சில அத்தகையன.

இனி, வாங்கும் முறையை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாகப் பாதையை எழுதுங்கள். இத்தம்பியின் பாதையில் தார்ச்சாலை ஆறு கிலோமீட்டர், கண்மாய்க் கரை மூன்று, சல்லி பெயர்ந்த சாலை இரண்டு. தார்ச்சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் ஆகும். எஞ்சிய ஐந்து கிலோமீட்டரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முப்பது நிமிடம் ஆகும். தொலைவில் பாதிக்கும் குறைவான கரடுமுரடான பகுதி, நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. வண்டியைத் தார்ச்சாலைக்கு ஏற்பத் தேர்ந்தால் மிச்சமாவது சில நிமிடங்களே. கரைக்கு ஏற்பத் தேராவிட்டால் இழப்பது நாள் கூலி. பாதையின் மிக மோசமான பகுதிக்கு வாங்குங்கள் என்பதே நாம் சொல்ல விரும்புவதன் சாரம்.

இரண்டாவது, டயர். பந்தய விதி டயரின் அகலத்தை 33 மில்லிமீட்டருக்குள் அடக்குகிறது. அவ்விதி நம்மைக் கட்டாது. சல்லிக்கும் கரிசலுக்கும் 38 முதல் 42 மில்லிமீட்டர் வரை அகலமான டயர் நன்று. உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் செல்வோருக்கு 50 கூட மிகையன்று. அகன்ற டயரில் காற்றைச் சிறிது குறைத்து ஓட்டலாம்; அது கல்லின் அடியைத் தாங்கும், மணலில் புதையாது. ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவிற்குக் கீழே காற்றை இறக்கினால், கல்லில் மோதும்போது டியூப் விளிம்போடு நசுங்கி இரண்டு ஓட்டையாகும்.

டயரின் பக்கத்தில் 40-622 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது எண் டயர் பொருந்தும் விளிம்பின் விட்டம், மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழைய பெரிய வண்டியின் '28 அங்குல' டயருக்கு அது 635. புதிய ஹைபிரிட் வண்டியின் '700சி' டயருக்கு அது 622. அதையும் சிலர் 28 என்றே வழங்குகின்றனர். பெயர் ஒன்று, அளவு வேறு. ஒன்று மற்றொன்றில் ஏறாது. '29 அங்குலம்' எனப்படும் மலைவண்டிச் சக்கரமும் 622-ஐச் சேர்ந்ததே. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள கடையில் எந்த எண்ணுக்குரிய டயரும் டியூபும் எப்போதும் இருக்கின்றன என்று கேட்டறிந்த பின்னரே வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

சீமைக் கருவேல முள்ளை நாம் மறக்கவியலுமோ? தென்மாவட்டங்களில் கண்மாய்க் கரை எங்கும் அதுவே. மெல்லிய பந்தய டயர் அதற்கு ஈடுகொடாது. உள்ளே முள்தடுப்புப் பட்டை வைத்த தடித்த டயர் சிறிது கனமாயினும் கூடுதல் பணத்திற்குத் தகுதியானது. வால்வையும் பாருங்கள். நம் பழைய வண்டிகளில் சிறு ரப்பர் வால்டியூப் இருக்கும். புதியவற்றில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வோ, மெல்லிய பிரெஸ்டா வால்வோ இருக்கும். பிரெஸ்டாவாயின், அதற்குரிய சிறு பித்தளை இணைப்பு ஒன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துவையுங்கள். அது இல்லையேல் வழியோரக் கடையிலிருக்கும் பம்பு பயன்படாது.

மூன்றாவது, பிரேக்கும் கைப்பிடியும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் 'வி' பிரேக் மலிவானது. அதன் கட்டையை எவரும் மாற்றலாம். சமவெளிக்கு அது போதும். ஆனால் சேறு படிந்த விளிம்பை அது நாளடைவில் தேய்த்துவிடும். மழையில் பிடிப்பும் குறையும். கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் சேற்றிலும் மழையிலும் நன்கு பிடிக்கும். எண்ணெயால் இயங்குவது அதனினும் மெல்லியதாகப் பிடிக்கும். ஆயின் எண்ணெய் மாற்றத் தெரிந்த கடை பக்கத்தில் இல்லாவிடில் அது வேண்டா. கரிசல் சேற்றில் போகும் இத்தம்பிக்குக் கம்பி டிஸ்க் பிரேக்கையே நாம் பரிந்துரைத்தோம்.

வளைந்த பந்தயக் கைப்பிடியில் பிரேக் நெம்புகோலும் கியர் மாற்றியும் ஒன்றாக இணைந்திருக்கும். அதன் விலை மிகுதி. உடைந்தால் ஊர்க்கடையில் மாற்றுக் கிடைப்பது அரிது. பந்தயக் கைப்பிடியின் நெம்புகோல் இழுக்கும் கம்பியின் நீளம் குறைவாதலால், வழக்கமான 'வி' பிரேக்கோடும் அது பொருந்தாது. நேர்க் கைப்பிடியில் இத்தொல்லைகள் இல்லை.

முன்கவையில் ஸ்பிரிங் வைத்த வண்டியைக் கடைக்காரர் புகழ்ந்து காட்டுவார். விலை குறைந்த வண்டியிலுள்ள ஸ்பிரிங் கனம் கூட்டும்; இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து ஆடத் தொடங்கும். அகன்ற டயரே போதிய மெத்தை.

நான்காவது, கியர். முன்னே ஒரு பற்சக்கரமும் பின்னே ஏழு அல்லது எட்டும் உள்ளது போதும். 44 பல்லுள்ள முன்சக்கரமும் 18 பல்லுள்ள பின்சக்கரமும் கொண்ட கியரில்லா வண்டியைக் கொள்வோம். அதில் பெடலை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 5.4 மீட்டர் போகலாம். தார்ச்சாலையில் இது இனிது. நனைந்த கரையிலோ முழங்கால் வலிக்கும். முன்னே 38, பின்னே 28 ஆயின் ஒரு சுற்றுக்கு 3 மீட்டரே; மெதுவாயினும் இறங்காமல் போகலாம். அதே வண்டியில் பின்னே 14-க்கு மாற்றினால் 6 மீட்டர், தார்ச்சாலைக்கு அது. ஒன்பது, பத்து, பதினொன்று எனப் பின்சக்கரங்கள் கூடக்கூடச் செயின் மெலியும். மாற்றும் விலையும் ஏறும்.

ஐந்தாவது, சிறு துளைகள். பின் அச்சின் அருகிலும் இருக்கைக்குக் கீழேயும் மரையிட்ட சிறு துளைகள் உள்ளனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அவை இருந்தால்தான் கேரியரும் மட்கார்டும் உறுதியாக நிற்கும். பந்தய வண்டிகள் பலவற்றில் அவை இரா. மட்கார்டு பூட்டிய பின்னும் டயருக்கு மேலே ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். இல்லையேல் கரிசல் சேறு அடைத்து, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும்.

ஆறாவது, உடலளவு. சட்டகத்தின் மேற்குழாயின் மேல் இரு காலும் தரையில் ஊன்றி நின்றால் இரண்டு விரற்கடை இடைவெளியாவது இருத்தல் வேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். 'வளர்கிற பிள்ளை' என்று பெரிய வண்டி வாங்குவது இருபத்திரண்டு வயதிற்குப் பொருந்தாது. வேலைக்குச் செல்லும் பெண்மக்களுக்கு வாங்கும்போது, அண்ணனின் அளவில் வாங்கிவிட்டு இருக்கையை மட்டும் தாழ்த்தும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கைப்பிடி எட்டாமல் தோள் வலித்து, மூன்று திங்களில் வண்டி திண்ணையில் நின்றுவிடும்.

இனிப் பணம். 20,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கான 4,000 ரூபாயை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். முன்பின் விளக்குகள், மட்கார்டு, கேரியர், பூட்டு, கைப்பம்பு, ஒட்டும் பொருள்கள், மாற்று டியூப், தலைக்கவசம் ஆகியவை அதில் அடங்கும். ஐந்து மணிக்குப் புறப்படுவோருக்கு விளக்கு அலங்காரம் அன்று; லாரி ஓட்டுநரின் கண்ணில் படுவதற்கான ஒரே வழி. எஞ்சிய 16,000-இல் வண்டி தேடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்குரிய சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. இரசீதில் அது சரியாகக் காட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

பழைய வண்டி வாங்குவதும் இழிவன்று. சட்டகத்தின் ஒட்டிடங்களில் மயிரிழை விரிசல் உண்டா, சக்கரம் ஆடாமல் சுற்றுகிறதா, கைப்பிடி தடையின்றித் திரும்புகிறதா என்று பகல் வெளிச்சத்தில் ஆராயுங்கள். பெடல் அச்சின் அடியில் பொறித்த சட்டக எண்ணையும் விற்பவர் தரும் இரசீதையும் சேர்த்து வாங்குங்கள். மலிவு என்று திருட்டு வண்டியை வாங்குவது இன்னொரு வீட்டின் வேலைக்குப் போகும் வழியை அடைப்பதாகும்.

தந்தையின் கருத்துக்கும் நாம் கடன்பட்டுள்ளோம். நாளொன்றுக்கு 22 கிலோமீட்டர், திங்களுக்கு 26 நாள் என்றால் 572 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால், எரிபொருளுக்கு மட்டும் திங்களுக்கு 1,150 ரூபாயை ஒட்டிச் செலவாகும். இதன்மேல் கடன் தவணையும் காப்பீடும் உண்டு. ஆலை வேலை நின்றாலும் தவணை நில்லாது. எனினும் தொலைவு இருபது கிலோமீட்டருக்கு மேலாயினும், நள்ளிரவு முறை வேலை வந்தாலும், முழங்காலில் நோய் இருந்தாலும் மோட்டார் சைக்கிளே தக்கது என்று நாம் தயங்காமல் சொல்வோம். பதினொரு கிலோமீட்டருக்கும் இருபத்திரண்டு வயதிற்கும், மிதிவண்டி போதும். கடனின்றி மூன்றாண்டு வேலையில் நிலைத்தபின் தந்தையும் மகனும் மீண்டும் அமர்ந்து பேசட்டும்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றை வற்புறுத்துகிறோம். செயினின் ஒவ்வொரு இணைப்பும் அரை அங்குலம். பள்ளிப் பிள்ளையின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். புதிய செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் வரும். அது ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால் பற்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பன்மடங்காகும். சேற்றில் சென்று வந்த மாலையில் ஒரு குவளை நீரும் பழந்துணியும் சில துளி எண்ணெயும் போதும்.

வண்டி வீட்டிற்கு வந்ததும் மறுநாளே வேலைக்கு எடுத்துச் செல்ல வேண்டா. விடுமுறை நாளில், அதே ஐந்து மணிக்கு, அதே சோற்றுப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டி, ஆலை வாயில்வரை ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள். தந்தை வாசலில் நின்று நேரம் குறிக்கட்டும். அன்று தெரியும் குறையைக் கடைக்காரர் சரிசெய்து தருவார். வேலை நாளின் இருட்டில், கண்மாய்க் கரை நடுவே தெரியவந்தால், சரிசெய்ய அங்கு ஆளில்லை.